167 கிலோ தங்கமும் ஒரு குதிரையும்

போன வாரம் ராத்திரி தூக்கம் வராம தம்பியும் நானும் உக்காந்து 'தி குட், தி பேட் அண்ட் தி அக்லி'ங்கிற பழைய கௌபாய் படத்தைப் போட்டோம். எத்தனாவது தடவைன்னு கேக்காதீங்க, எனக்கே கணக்கு இல்ல. அவனுக்கு மட்டும் முதல் தடவை. மூணு மணி நேரம் மூச்சு விடாம பாத்தான், க்ளைமாக்ஸும் முடிஞ்சது, திருடன் டூக்கோ கழுத்துல சுருக்கோட ஆடுற சிலுவை மேல நின்னு தத்தளிச்சிட்டிருக்கான், ஹீரோ ப்ளாண்டி பாதி தங்கத்தை குதிரை மேல ஏத்திட்டு ஜாலியா கிளம்புறான், எனக்கு வழக்கம்போல புல்லரிக்குது. அந்த நேரம் பாத்து இவன் கேக்குறான், "அக்கா, அந்த மூட்டை எல்லாம் எவ்ளோ வெயிட்டுக்கா இருக்கும்?"

சரி போட்டுப் பாத்துடலாம்னு ஃபோன்ல கால்குலேட்டரை எடுத்தேன். அதுதான் தப்பு.

படத்துல புதைச்சு வச்ச தங்கம் மொத்தம் 2 லட்சம் டாலர். அந்தக் காலத்து 20 டாலர் தங்கக் காசு, டபுள் ஈகிள்னு பேரு, ஒண்ணு 33.4 கிராம். 2 லட்சம் டாலருக்கு 10,000 காசு, அப்போ 334 கிலோ. எல்லாம் 10 டாலர் காசா இருந்தாக்கூட எடை மாறாது, ஏன்னா பாதி மதிப்புக்கு பாதி எடைன்னுதான் அடிச்சிருக்காங்க. ஆக ப்ளாண்டியோட பங்கு 167 கிலோ. அது மேல ப்ளாண்டியா நடிச்ச கிளின்ட் ஈஸ்ட்வுட், ஆறடி நாலு அங்குலம், அவர் ஒரு 85 கிலோன்னு வைங்க, அப்புறம் சேணம், துப்பாக்கி, எல்லாம் சேத்தா 270 கிலோ பக்கம் வந்துடும். ஒரு குதிரை அது எடையில அஞ்சுல ஒரு பங்கு சுமந்தா போதும்னு குதிரைக்காரங்க சொல்லுவாங்க, அதாவது 90, 100 கிலோ. இந்தக் குதிரை அதைப்போல கிட்டத்தட்ட மூணு மடங்கைத் தூக்கிட்டு தலையை ஆட்டிக்கிட்டு ஓடுது. படத்துல நிஜமான ஹீரோ யாருன்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சது.

அதோட நிறுத்தியிருக்கலாம். நான் நோட்பேடைத் திறந்து வச்சுக்கிட்டு மறுநாள் ராத்திரி படத்தை முதல்லேர்ந்து, ரிமோட்டைக் கையில வச்சுக்கிட்டு, பாஸ் பண்ணி பாஸ் பண்ணி பாத்தேன். இருபது வருஷமா உசிரா நினைச்ச படத்தை நானே போஸ்ட்மார்ட்டம் பண்ண மாதிரி ஆயிடுச்சு.

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், இந்தப் படம் எந்தக் காலத்துல நடக்குதுங்கிறதுல குழப்பமே இல்ல. அமெரிக்க உள்நாட்டுப் போர், 1862, நியூ மெக்ஸிகோ பக்கம். படத்துல ஜெனரல் சிப்லி பேரு வருது, அவரோட தென்பகுதிப் படை பின்வாங்கிட்டிருக்குன்னு சொல்றாங்க, எதிர்ல வடபகுதித் தளபதி கேன்பி. இது ரெண்டும் நிஜ ஆளுங்க, நிஜப் படையெடுப்பு. அமெரிக்காக்காரங்களே பாதிப் பேர் மறந்துபோன ஒரு சண்டையை ரோம்ல உக்காந்துக்கிட்டு டைரக்டர் செர்ஜியோ லியோனி தேடிப் பிடிச்சிருக்கார் பாருங்க, அதுக்கே ஒரு சல்யூட். ஆனா வருஷத்தை இவ்ளோ கரெக்டா நட்டு வச்சுட்டா அதுல ஒரு ஆபத்து இருக்கு. 'ஏதோ பழைய காலம்'னு தப்பிக்க முடியாது. ஒவ்வொரு பொருளையும் 1862-ல இருந்துச்சா இல்லியான்னு கேக்கலாம், நான் கேட்டேன்.

துப்பாக்கியிலேர்ந்து ஆரம்பிக்கிறேன், ஏன்னா மாட்டுறது அதிகம் அங்கதான். ப்ளாண்டி இடுப்புல இருக்கிறது கோல்ட் 1851 நேவி ரிவால்வர். நிஜத்துல இதுல உலோகத் தோட்டாங்கிற சமாச்சாரமே கிடையாது. சிலிண்டர்ல ஒவ்வொரு அறையிலயும் முன்பக்கமா வெடிமருந்தைக் கொட்டணும், அது மேல ஈயக் குண்டை வைக்கணும், குழலுக்கு அடியில இருக்கிற லீவரை மடக்கிக் குண்டை உள்ள இடிக்கணும், அப்புறம் சிலிண்டரோட பின்னாடி குட்டியா ஒரு முலை மாதிரி நீட்டிட்டிருக்கும், அதுல ஒரு சின்ன செப்புக் குல்லாவை மாட்டணும். இப்படி ஆறு தடவை. ஆற அமர உக்காந்து பண்ற வேலை, எவனாவது எதிர்ல சுட்டுக்கிட்டு இருக்கும்போது நடக்காது. அதனால நிறைய பேர் ஒரே துப்பாக்கியை நம்பாம ரெண்டு மூணு வச்சுக்கிட்டாங்க.

படத்துல? ஹோட்டல் ரூம்ல ப்ளாண்டி துப்பாக்கியைக் கழட்டித் துடைச்சிட்டு இருப்பான், வெளிய ராணுவம் அணிவகுத்துப் போற சத்தம், அந்த சத்தத்துல டூக்கோவோட ஆளுங்க மாடிப்படி ஏறி வர்றாங்க, திடீர்னு ராணுவம் நிக்குது, சத்தம் அடங்குது, கதவுக்கு வெளிய குதிமுள் கிணுங்குற சத்தம் மட்டும் ஒரே ஒரு தடவை. என்ன ஒரு சீன்! அவன் அவசர அவசரமா துப்பாக்கியைப் பூட்டி சுடுறான். நல்லா கவனிங்க, அவன் சிலிண்டர்ல போடுறது பித்தளைத் தோட்டா. பின்பக்கமா தோட்டா சொருகற மாதிரி சிலிண்டரை முழுசா துளை போடுற ஐடியாவுக்கு ரோலின் வைட்ங்கிறவர் 1855-ல பேட்டன்ட் வாங்கிட்டார், அதை ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் கம்பெனி கையில எடுத்துக்கிச்சு, 1869 வரைக்கும் கோல்ட் கம்பெனி அதைத் தொடவே முடியாது. பழைய நேவியைத் தோட்டா போடுற மாதிரி மாத்துனதெல்லாம் 1870-க்கு அப்புறம். அதாவது ப்ளாண்டி இடுப்புல இருக்கிறது பத்து வருஷம் கழிச்சு வரவேண்டிய துப்பாக்கி. பேட்டன்ட் கேஸ் போட்டிருந்தா ஹீரோ உள்ளதான்.

ரைஃபிளும் அப்படித்தான். ஹென்ரி ரைஃபிள் 1862-ல நிஜமாவே இருந்துச்சு, உலோகத் தோட்டா போடுற துப்பாக்கிதான், அதுல தப்பில்ல. ஆனா படத்துல வர்றது 1866 மாடல் வின்செஸ்டர், முன்பக்க மரக்கட்டையை உருவிட்டு ஹென்ரி மாதிரி வேஷம் போட்டு விட்டிருக்காங்க. பக்கவாட்டுல தோட்டா போடுற சின்னக் கதவு காட்டிக் கொடுத்துடும், ஹென்ரிக்கு அது கிடையாது, குழலோட முன்பக்கமாதான் நிரப்பணும்.

இதெல்லாம் கூட மன்னிச்சிடலாங்க. டூக்கோ துப்பாக்கிக் கடைக்குள்ள போற சீன் இருக்கே, அதை என்ன பண்றது? பாலைவனத்துல செத்துப் பிழைச்சு உதடெல்லாம் வெடிச்சு வந்து நிப்பான், கடைக்கார கிழவர் வரிசையா ரிவால்வரை அடுக்குவார், இவன் ஒண்ணோட குழலைக் கழட்டுவான், இன்னொண்ணோட சிலிண்டரை எடுப்பான், காதுகிட்ட வச்சு சுத்திக் கேப்பான், க்ளிக் க்ளிக் க்ளிக், பிடிக்கலைன்னா தூக்கிப் போடுவான், கடைசியில நாலஞ்சு துப்பாக்கியிலேர்ந்து பொறுக்கி ஒண்ணு சேத்துடுவான். பாக்கும்போது 'அடப்பாவி, என்ன ஒரு தொழில்காரன்டா'ன்னு தோணும். ஆனா வேற வேற கம்பெனி துப்பாக்கியில இது நடக்காது. கோல்ட் ரிவால்வருக்கு சிலிண்டர் மேல சட்டமே கிடையாது, ரெமிங்டனுக்கு மேலயும் ஒரு இரும்புப் பட்டை இருக்கும், அளவு வேற, அச்சு வேற, ஒண்ணோட உறுப்பு இன்னொண்ணுக்குப் பொருந்தவே பொருந்தாது. இதுல பெரிய காமெடி என்னன்னா டூக்கோவா நடிச்ச ஈலை வாலக்குக்குத் துப்பாக்கியைப் பத்தி ஒண்ணும் தெரியாதாம், லியோனி 'உனக்குத் தோணுறதைப் பண்ணு'ன்னு விட்டுட்டாராம், மனுஷன் அப்பவே கையில வந்ததை வச்சு விளையாடியிருக்கார். ஒண்ணும் தெரியாதவர் பண்ண வேலை, எல்லாம் தெரிஞ்சவன் பண்ற மாதிரி தெரியுது. எனக்கு இந்தத் தப்பை யாரும் திருத்திடக்கூடாது.

அப்புறம் அந்தக் குளியல் சீன். தொட்டியில நுரைக்குள்ள டூக்கோ முங்கிக் கிடப்பான், முதல் சீன்ல இவன்கிட்ட சூடு வாங்கித் தப்பிச்ச ஒத்தைக் கை ஆளு வந்து நின்னு வசனமா பேசுவான், நுரைக்கு அடியிலேர்ந்து டப் டப்னு சுட்டுட்டு, சுடணும்னா சுடு, பேசாதேன்னு ஒரு வார்த்தை சொல்லுவான். நான் பாஸ் பண்ணி யோசிச்சது என்னன்னா, 1862-ல இருந்த நிஜத் துப்பாக்கியா இருந்தா தண்ணியில கிடந்து வெடிமருந்து நனைஞ்சு புஸ்ஸுனு போயிருக்க வாய்ப்பு அதிகம், டூக்கோ கதை அங்கயே முடிஞ்சிருக்கும். உலோகத் தோட்டாவா இருந்தா அவ்வளவு சீக்கிரம் தண்ணி இறங்காது. ஆக ஒரு தப்பு இன்னொரு தப்பைக் காப்பாத்துது. இதை எந்த லிஸ்ட்ல சேக்கிறதுன்னு தெரியல.

டூக்கோவைத் தூக்குல போடுறப்போ ப்ளாண்டி தூரத்துலேர்ந்து கயித்தை சுடுறதைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லப்போறதில்ல. ஒரு குண்டுல தூக்குக் கயிறு அறுந்து விழாதுன்னு எல்லாருக்கும் தெரியும், படம் எடுத்தவங்களுக்கும் தெரியும்.

பாலத்தை வெடிக்கிறதுக்கு வருவோம். ப்ளாண்டியும் டூக்கோவும் காயம்பட்ட ஆளைத் தூக்கிட்டுப் போற ஸ்ட்ரெச்சர்ல வெடியை வச்சு ஆத்துக்குள்ள இறங்கி, தூண் தூணா கட்டுக் கட்டா கட்டுவாங்க. டைனமைட். ஆல்ஃப்ரெட் நோபல் டைனமைட்டுக்கு பேட்டன்ட் வாங்கினது 1867. நைட்ரோகிளிசரின்னு ஒண்ணு அதுக்கு முன்னாடியே இருந்துச்சு, 1847-லயே சோப்ரேரோங்கிற இத்தாலிக்காரர் கண்டுபிடிச்சார், ஆனா அது தொட்டாலே கோவிச்சுக்கிற சரக்கு, அதை ஒரு வித மண் பொடியில ஊற வச்சு சமத்தா ஆக்கினதுதான் நோபலோட வேலை. 1862-ல பாலத்தைத் தூக்கணும்னா கறுப்பு வெடிமருந்தைப் பீப்பாய் பீப்பாயா உருட்டிட்டு வரணும், அதையும் நனையாம வைக்கணும், நெஞ்சளவு தண்ணியில நின்னுக்கிட்டு. ஆனா ஒண்ணு, அந்தத் திரி சரிதான். தீ நிதானமா, ஒரே சீரா போற பாதுகாப்புத் திரியை பிக்ஃபோர்டுங்கிறவர் இங்கிலாந்துல 1831-லயே கொண்டுவந்துட்டார். வெடிதான் தப்பு, திரி கரெக்ட்!

இந்த டைனமைட் ஆசை கௌபாய் படக்காரங்க யாரையும் விடல. 'ஜாங்கோ அன்செயின்டு' 1858-ல நடக்குற கதை, அதுலயும் டைனமைட் வெடிக்குது, நோபலுக்கு ஒன்பது வருஷம் முன்னாடி. அதுல ஆரம்பத்துலயே '1858, உள்நாட்டுப் போருக்கு ரெண்டு வருஷம் முன்'னு எழுத்துப் போடுறாங்க. போர் ஆரம்பிச்சது 1861 ஏப்ரல். 58-லேர்ந்து 61, மூணு வருஷம். கழித்தல் கணக்கு அது, ஒரு ஆளு கூடவா கை விட்டு எண்ணிப் பாக்கல?

சரி, நம்ம படத்துக்கு வரேன். ரயில். டூக்கோவும் அவனைக் காவல் காக்குற முரட்டு கார்ப்பரலும் ஒரே விலங்குல, ரயில்லேர்ந்து குதிச்சு, அவனைக் கொன்னுட்டு, விலங்குச் சங்கிலியை தண்டவாளத்து மேல வச்சு, வர்ற ரயிலை விட்டு அறுப்பான். அந்த சீன்ல ஈலை வாலக் நிஜமாவே தண்டவாளத்துப் பக்கத்துல படுத்துக் கிடந்திருக்கார். பெட்டிகள்ல வெளிய நீட்டிட்டு இருந்த இரும்புப் படிக்கட்டை யாரும் கவனிக்கல, கொஞ்சம் தலையைத் தூக்கியிருந்தார்னா தலை போயிருக்கும்னு அவரே பின்னாடி சொல்லியிருக்கார். உசிரைப் பணயம் வச்சு எடுத்த சீன். ஆனா நியூ மெக்ஸிகோவுக்குள்ள முதல் ரயில் நுழைஞ்சதே 1878 கடைசியிலதான், ரேடன் கணவாய் வழியா. ஆல்புகர்கிக்கு 1880-ல. சிப்லி படை அங்க ரயில்ல ஏற ஆசைப்பட்டிருந்தா இன்னும் பதினாறு வருஷம் பிளாட்ஃபார்ம்ல நின்னிருக்கணும்.

வடபகுதிப் படையோட சிறை முகாம்ல ஒரு வசனம். கைதிகளை ஒழுங்கா நடத்துன்னு கால் அழுகிப்போன அதிகாரி சொல்றப்போ வில்லன் ஏஞ்சல் ஐஸ் திருப்பிக் கேப்பான், நம்ம ஆளுங்களை ஆண்டர்சன்வில்ல நல்லாவா நடத்துறாங்கன்னு. தென்பகுதியோட அந்த ஆண்டர்சன்வில் சிறை முகாம் திறந்ததே 1864 பிப்ரவரி. ஆனா இது கவனக்குறைவுன்னு எனக்குத் தோணல. ஆண்டர்சன்வில்லைப் பத்தி எல்லாருக்கும் தெரியும், ஜெயிச்ச வடக்கு பண்ணதை யாரும் பேசல, அதைச் சொல்லத்தான் அந்தப் பேரை அங்க வச்சிருக்காங்க. தேதி தப்பு, குத்து சரியான இடத்துல.

இப்போ என் பட்டியல்லயே பெரிய ஐட்டம். சாட் ஹில் கல்லறை. வட்டம் வட்டமா, கண்ணுக்கெட்டின தூரம் வரைக்கும் சிலுவை, டூக்கோ நடுவுல பைத்தியம் பிடிச்ச மாதிரி ஓடுவான், கேமரா அவனோட சேந்து சுத்தும், மாரிகோனே இசை மேல மேல ஏறும். கிட்டத்தட்ட 5000 கல்லறை, ஸ்பெயின் ராணுவ வீரர்களை வச்சு செஞ்சது. சரி, நியூ மெக்ஸிகோ சண்டையில எத்தனை பேர் செத்தாங்க? அந்தப் படையெடுப்பைத் தீர்மானிச்ச பெரிய சண்டை குளோரியேட்டா கணவாய், 1862 மார்ச் 26-லேர்ந்து 28 வரைக்கும். அதுல ஒவ்வொரு பக்கமும் சுமார் 50 பேர் செத்தாங்க. அம்பது. அதுலயும் சிப்லியைத் தோக்கடிச்சது துப்பாக்கிச் சண்டை இல்ல, அவங்க பின்னாடி நிறுத்தி வச்சிருந்த சுமார் 80 சரக்கு வண்டியை எதிரிப் படை சுத்திப் போய்க் கொளுத்திட்டாங்க, சோறு இல்லாம திரும்பிட்டாங்க. சிப்லி கூட்டிட்டு வந்த மொத்தப் படையே 3000 பேர் சுமார்தான். அத்தனை பேரும் செத்து, ஆளுக்கு ஒரு குழி வெட்டியிருந்தாலும் அந்தக் கல்லறை நிறையாது. மீதி 2000 குழியில யாரு?

இந்தக் கணக்கைப் போட்டு முடிச்சதும் எனக்கு சிரிப்பு வரல, ஏதோ மாதிரி ஆயிடுச்சு. ஏன்னா அந்தப் பாலத்துச் சண்டையைப் பாருங்க, பதுங்குகுழி, மண்மூட்டை, தினம் ரெண்டு வேளை இந்தப் பக்கம் ஓடிச் செத்து அந்தப் பக்கம் ஓடிச் செத்து, குடிச்சிக்கிட்டே இருக்கிற கேப்டன். இது 1862 நியூ மெக்ஸிகோவே இல்ல, 1916 ஐரோப்பா. லியோனி பொறந்தது 1929-ல, முதல் உலகப்போர் முடிஞ்சு பத்து வருஷம், ரெண்டாவது உலகப்போர் நடக்கும்போது ரோம்ல பள்ளிக்கூடப் பையன். அந்த 5000 குழி எந்தப் போரிலேர்ந்து வந்துச்சுங்கிறதை அமெரிக்க வரலாற்றுல தேடினா கிடைக்காது.

ரொம்ப சீரியஸா போயிட்டேன், இருங்க. எனக்குப் பிடிச்ச தப்பு ஒண்ணு இருக்கு, அது தப்பே இல்லன்னு நான் கட்சி கட்டுவேன். ரெண்டு பேரும் தென்பகுதி யூனிஃபார்ம்ல வண்டியில வர்றாங்க, தூரத்துல சாம்பல் நிற உடுப்புல ஒரு படை. நம்ம ஆளுங்கதான்னு டூக்கோ குஷியில கத்துவான், கிராண்ட் ஒழிக, ஜெனரல்... அவர் பேர் என்ன? ப்ளாண்டி எடுத்துக் கொடுப்பான், லீ. உடனே லீ வாழ்க! தென்பகுதித் தளபதி லீயும் வடபகுதித் தளபதி கிராண்டும் நேருக்கு நேர் மோதினதே 1864-லதான், 1862 ஆரம்பத்துல லீ இன்னும் அந்தப் பெரிய படைக்குத் தலைமையே ஏத்துக்கல, ஜூன் 1-ல தான் ஏத்துக்கிட்டார். அதனால இது தப்புன்னு சொல்லலாம். ஆனா டூக்கோவுக்கு லீ பேரு ஞாபகம் வரல பாருங்க, அந்த நேரத்துல அந்த ஊர்ல ஒரு திருடனுக்கு லீ பேரு தெரியாம இருக்கிறதுதானே கரெக்ட்! தப்பு பண்ணது எல்லாம் தெரிஞ்ச ப்ளாண்டிதான்.

அதுக்கு அடுத்த செகண்டு. குதிரையிலேர்ந்து அதிகாரி நிதானமா கையுறையால சட்டைக் கையைத் தட்டுவான், சாம்பல் நிறம் புழுதியா பறக்கும், அடியில நீலம். வடபகுதிப் படை. ஒரு வார்த்தை பேசாம, ரெண்டு தட்டுல ரெண்டு பேர் விதியும் மாறிடுது. ஒரு நாள் பூரா புழுதியில போன படை எந்தக் கலர்ல இருக்கும்னு யோசிச்ச ஆளுக்குத் தோட்டா எப்ப வந்துச்சுன்னு தெரியாமலா இருந்திருக்கும்? எனக்குச் சந்தேகம்தான்.

கன்டின்யூட்டி சமாச்சாரம்னு பாத்தா சுருட்டு, நிழல், புழுதி எல்லாமே வழக்கமான தலைவலிதான். ஒரே பேச்சை வேற வேற நாள்ல வேற வேற கோணத்துல எடுப்பாங்க, காலையில எடுத்த முகத்துக்கு சாயங்காலம் எடுத்த முகம் பதில் சொல்லும், சுருட்டு எரிஞ்சு சின்னதாகி மறுபடி வளந்து நிக்கும், இதையெல்லாம் குறிச்சு வைக்கவே செட்டுல ஒரு ஆளு இருப்பாங்க. ஈஸ்ட்வுட்டுக்கு அந்தச் சுருட்டு சுத்தமாப் பிடிக்காதாம், அதனால பாதி நேரம் பத்த வைக்காம வாயில வச்சிருந்தா அதுவும் நியாயம்தான். நான் ஒரு இடத்துல மாட்டிக்கிட்டாங்கன்னு துள்ளிக் குதிச்சேன், கடைசி மும்முனைச் சண்டையில துப்பாக்கிகிட்ட ஏஞ்சல் ஐஸோட வலது கை க்ளோசப், நடுவிரல் நுனி இல்ல! டூப் கையை வச்சு எடுத்துட்டாங்கன்னு நோட்பேடுல பெருசா எழுதிட்டேன். அப்புறம் பாத்தா அந்த வேஷத்துல நடிச்ச லீ வான் க்ளீஃபுக்கு நிஜமாவே அந்த விரல் நுனி கிடையாது. அது அவரோட கையேதான். அடிச்சுட்டேன் அந்த வரியை.

நான் பாத்தது 2003-ல சீர் பண்ண நீளமான ஆங்கில வெர்ஷன், அதுல நிஜமான கன்டின்யூட்டி விநோதம் ஒண்ணு இருக்கு, கண்ணுக்குத் தெரியாது, காதுக்குத்தான். அமெரிக்க ரிலீஸ்ல வெட்டின சீன்களுக்கு இத்தாலியன் சவுண்டு மட்டும்தான் இருந்துச்சு, அதனால ஈஸ்ட்வுட்டையும் வாலக்கையும் மறுபடி கூப்பிட்டுப் பேச வச்சாங்க. ஈஸ்ட்வுட்டுக்கு எழுபதைத் தாண்டியாச்சு, வாலக்குக்கு எண்பத்தேழு. வான் க்ளீஃப் 1989-லயே போயிட்டார், அவருக்கு வேற ஆளு குரல். ஒரு சீன்ல டூக்கோ ஐம்பது வயசுக் குரல்ல கத்துவான், அடுத்த சீன்ல தாத்தா குரல்ல முணுமுணுப்பான், திரும்ப ஐம்பது. ஹெட்ஃபோன் போட்டுக் கேட்டா ஒரு மாதிரி நெஞ்சைப் பிசையும். உதடு ஒட்டாததைப் பத்தி கேக்கவே வேணாம், ஷூட்டிங்ல ஒவ்வொருத்தரும் அவங்கவங்க பாஷையில பேசினாங்க, எல்லாம் பின்னாடி டப்பிங்.

படத்துக்கு வெளியயும் தப்பு விடல. அமெரிக்காவுல போட்ட முதல் ட்ரெய்லர்லயே யாரு பேட் யாரு அக்லின்னு மாத்திப் போட்டுட்டாங்க, ஏஞ்சல் ஐஸை அக்லின்னு சொல்லுது. இத்தாலியன் தலைப்புல வரிசை நல்லவன், அசிங்கமானவன், கெட்டவன், அதை ஆங்கிலத்துல திருப்பினதுல வந்த வினை. பாலத்தை முதல் தடவை வெடிச்ச கதை அதை விடப் பெருசு, பொறுப்புல இருந்த ஸ்பெயின் ராணுவ கேப்டன் சிக்னலைத் தப்பாப் புரிஞ்சுக்கிட்டு கேமரா ஓடுறதுக்கு முன்னாடியே வெடிக்க வச்சுட்டார். மொத்தப் பாலமும் காலி, ஃபிலிம்ல ஒண்ணும் இல்ல. ராணுவமே மறுபடி கட்டிக் கொடுத்துச்சு, நம்ம பாக்குறது ரெண்டாவது பாலம்.

தம்பி இன்னொண்ணு கேட்டான், அவ்ளோ பெரிய ராணுவ முகாம் பக்கத்துலயே இருக்கு, நெத்தியில துப்பாக்கி வர்ற வரைக்கும் இவங்க ரெண்டு பேருக்கும் எப்படி கண்ணு தெரியலன்னு. இதை அமெரிக்க விமர்சகர் ரோஜர் ஈபர்ட்டும் கவனிச்சு எழுதியிருக்கார், லியோனி படத்துல ஃப்ரேமுக்கு வெளிய இருக்கிறது நமக்கு மட்டும் இல்ல, அந்தக் கேரக்டருக்கும் தெரியாது. நாம எதைப் பாக்கலியோ அதை அவங்களும் பாக்கல. அதை ஒருதடவை ஒத்துக்கிட்டீங்கன்னா படத்துல பாதித் தப்பு தப்பாவே தெரியாது. தம்பி ஒத்துக்கல.

அந்தக் கல்லறை ஸ்பெயின்ல புர்கோஸ் பக்கம், சான்டோ டொமிங்கோ டி சிலோஸ்ங்கிற ஊருக்குப் பக்கத்துல இப்பவும் இருக்கு. ஷூட்டிங் முடிஞ்சதும் அப்படியே விட்டுட்டுப் போயிட்டாங்க, மண்ணும் புல்லும் மூடிடுச்சு. 2015-ல உள்ளூர்க்காரங்களும் ரசிகர்களும் மண்வெட்டியோட போய் சுரண்டினா, அடியில அந்த மும்முனைச் சண்டை நடந்த வட்டத்தோட கல் தளம் அப்படியே இருக்கு. அதுக்கப்புறம் வாரக்கடைசியில போய்ப் போய் முழு கல்லறையையும் மீட்டுட்டாங்க, சின்ன தொகை கட்டினா ஒரு சிலுவையில உங்க பேரை எழுதி வைப்பாங்க. யாருமே புதைக்கப்படாத 5000 குழி, இப்போ அதுல உசிரோட இருக்கிறவங்க பேரு வரிசையா நிக்குது. அந்த 2000 பேர் கணக்குக்கு ஆளு வந்தாச்சு போல.

இதை தம்பிகிட்ட சொன்னேன், நம்ம பேரையும் போடலாமான்னு கேப்பான்னு நினைச்சேன். அவன் கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, "சரிக்கா, தங்கத்தைப் புதைச்ச அந்த பில் கார்சன், ஒத்தைக் கண்ணன், 334 கிலோவை அங்க வரைக்கும் எப்படி எடுத்துட்டுப் போனான்? அதுவும் யாருக்கும் தெரியாம?"

நோட்பேடு இன்னும் திறந்துதான் இருக்கு.